சுண்டுவிரல் வழக்கு

மாட்டுத் தரகர் முகைதீன் பிச்சை மாட்டின் பெருமையை வாயால் சொல்வார். விலையைத் துண்டுக்கடியில் விரலால் சொல்வார். அவர் நீட்டும் விரல்களை எதிராளி தடவி எண்ணிக்கொள்ள வேண்டும். விரலுக்குப் பத்து ரூபாய். பக்கத்தில் பறக்கிற ஈக்குக்கூட விலை தெரியாது.

1934 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஒத்தக்கடையில் போலீஸ்காரர் மலையாண்டி அவர் மாட்டுவண்டியை மறித்தார்.

"வண்டியில லாந்தர் எங்கய்யா?"

"பொழுதே இன்னும் விழுகலையே. சூரியனுக்குத் தொணையா ஏத்தவா?"

நியாயமான கேள்விதான், கேட்ட இடம்தான் தப்பு. கயிறு பிடித்திருந்த வலது கையில் லத்தி இறங்கியது. ஒடிந்த சுண்டுவிரல் மடங்கினபடியே கூடிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் பிச்சை சந்தைப் பக்கம் போகவில்லை. விரல் போன தரகரை எவன் நம்புவான்?

மனைவி அமீருன்னிசா சொன்னாள்: "போலீசு மேல கேசு போடுறது, முட்டுன மாட்டுக்கிட்டயே பிராது சொல்றது மாதிரி."

"எந்த மாட்டுக்கும் மூக்கணாங்கயிறுன்னு ஒண்ணு உண்டுல்ல?"

முன்சீப் கோர்ட்டில் நூறு ரூபாய் நட்டஈடு கேட்டார். நூறு கேட்டால்தான் ஐம்பதாவது தேறும் என்பது சந்தைப் பாடம்.

அடித்ததைக் கண்ணால் கண்ட கூலியாள் கருப்பு அசராமல் சாட்சி சொன்னார். வேறு வழியில்லாமல் எதிர்வக்கீல் விரலுக்குத் தாவினார்: "விரல் நல்ல விரல்தான். வழக்குக்காக மடக்கி வைத்து நடிக்கிறார்."

முன்சீப் விரலை உற்றுப் பார்த்தார். விரல் வாய் திறக்கவில்லை. சமாதானம் பேசிப் பாருங்கள் என்று அரைமணி நேரம் கொடுத்தார்.

வராந்தாவுக்கு எதிர்வக்கீலின் குமாஸ்தா சோணைமுத்து வந்தார். அவரும் ஒரு காலத்தில் மாடு வாங்கி விற்றவர்.

"ராவுத்தரே, ஊரே வேடிக்கை பாக்குது. துண்டைப் போடுங்க, நம்ம முறையில முடிச்சுருவோம்."

துண்டு விழுந்ததும் பிச்சைக்குக் கோர்ட்டும் மறந்தது, அடியும் மறந்தது. ஐம்பது என்று நினைத்தார். முப்பது வருடப் பழக்கத்தில் முழுக் கையையும் விரித்தார். தடவிய குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

"சம்மதம். பேச்சு மாறக் கூடாது."

"நான் மாறுனா மாடுகூட மதிக்காது."

உள்ளே போனதும் குமாஸ்தா, "நாப்பதுக்கு முடிஞ்சுருச்சு எசமான்" என்றார்.

பிச்சைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எவன் சொன்னான் நாப்பது? நான் குடுத்தது அஞ்சு வெரலு."

"பிள்ளைக மேல சத்தியமா நாலுதான் எசமான். அஞ்சாவது மடங்கியே கெடந்துச்சு. நானே ரெண்டு தரம் இழுத்துப் பாத்தேன், வரலை."

எதிர்வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

முன்சீப் பேனாவை எடுத்தார். "துண்டுக்கடியில் யார் பார்க்க நடிப்பு? அதுவும் பத்து ரூபாயை விட்டுக்கொடுத்து நடிக்கிற தரகரை இந்த ஜில்லாவில் நான் பார்த்ததில்லை." நூறையும் செலவோடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார்.

படியிறங்கும்போது கருப்பு கேட்டார்: "இனிமே சந்தையில எப்பிடிண்ணே?"

"நாலு வெரலு பட்டா அஞ்சுன்னு எடுத்துக்கிரணும் மாப்ள. கோர்ட்டே எழுதிக் குடுத்துருக்கு."

"அப்ப நாலு சொல்லணும்னா?"

"நாலுக்கு நான் ஏன் மாட்டைக் குடுக்குறேன்?"