பத்துக்குப் பின்னால் நின்ற இரண்டு

ஏரிக்கரையில் ஒமெனா மீன் காயவைக்கும் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு வரிசை எண் போட்டு, மாதம் ஒருத்தி வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்கி வைக்கிறோம். போன மாதம் முதல் எண்ணுக்குப் போயிற்று. இந்த மாதம் இரண்டாம் எண், அபோண்டி. இடுப்பு வலியோடு தினமும் ஏரித் தண்ணீர் சுமக்கிறவள்.

பட்டியல் எங்களுக்குக் கணக்கெழுதும் அலுவோச்சின் கணினியில் இருந்தது. ஹோமா பே நகரில் புரோகிராம் எழுதப் பழகி அவளுக்கு இரண்டு மாதந்தான் ஆகிறது. கூட்டத்தில் வரிசையை வாசித்தாள்: ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் இரண்டு.

பத்தாம் எண் அவளுடைய மாமியார்.

யாரும் தேநீரைத் தொடவில்லை. அந்த அம்மாள் முந்தாநாளே தொட்டி வைக்கக் கல் அடுக்கிவிட்டதாக ஒருத்தி சொன்னாள். மருமகள் வீட்டில் வைத்திருந்த தாளைப் பார்த்துத்தான் அடுக்கினேன் என்றாள் மாமியார். அது இன்னும் மோசமாயிற்று.

"எண்ணத் தெரியாத மெஷினுக்கு உங்க வீடு மட்டும் எப்படிடீ தெரிஞ்சுது?" என்றாள் அபோண்டி.

"பன்னிரண்டு உன் தங்கச்சிதானேக்கா. அவளை நான் ஏன் முன்னால கொண்டு வரணும்?" என்றாள் அலுவோச்.

அபோண்டி திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அலுவோச் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் பிடிபட்டது. தொலைபேசி எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் நிற்காது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்தில் இவள் வரிசை எண்களுக்கும் குறி போட்டுவிட்டாள். குறிக்குள் போனால் அது எண் இல்லை, எழுத்து. பெயர்களை அடுக்குவதுபோல் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் கணினி அடுக்கும். பத்து, ஒன்று என்ற இலக்கத்தில் தொடங்குகிறது, ஆகவே இரண்டுக்கு முன்னால் நிற்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, குறிகளை அழித்து புரோகிராமை மறுபடி ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அபோண்டியின் முகம் தெளியவில்லை.

"கொசுக்கால் மாதிரி கீறலை அழிச்சதும் நான் மேல வந்துட்டேன். அப்போ என்னைக் கீழே தள்ளினதும் இதே விரல்தானே?"

விரல் தன்னுடையதுதான் என்று அலுவோச் ஒத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை என்றாள். அதை யார் நம்புவது? கணினியை அபோண்டியின் மடிக்குத் தள்ளினாள்.

"குறியை நீயே போட்டுப் பாரு. நான் தொடல."

ஒற்றை விரலால் இருபத்துநான்கு குறிகளையும் அபோண்டி தட்டி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஓட்டினாள். மாமியார் இரண்டாவதாக வந்தாள். எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஓட்டினாள். தானே இரண்டாவதாக வந்தாள்.

தொட்டி அபோண்டிக்கு என்று முடிவாயிற்று. அலுவோச் மேல் குற்றமில்லை என்று அபோண்டியே சொல்லிவிட்டாள். மடியிலிருந்த கணினியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இனிமே மாசாமாசம் இதை நானே ஓட்டுறேன்."

அடுத்த மாதத்துக்குரிய மூன்றாம் எண்காரி நிமிர்ந்து அபோண்டியின் விரலைப் பார்த்தாள்.