ஒசாகாவில் ஓர் அடிமனை

2004-ஆம் வருடம், ஒசாகாவில் வீடு வாங்க என் சம்மதம் கேட்டு, தம்பி மகன் ஸ்ரீவர்தன் சின்ன காஞ்சிபுரம் வந்திருந்தான். அவனுக்குப் பெண் கொடுக்கவிருந்த சம்பந்தியும் கூடத்தில் இருந்தார்.

“அங்கே சுபோ கணக்கு, பெரியப்பா. ரெண்டு பாய் விரிக்கற இடம் ஒரு சுபோ. தெருவுக்குத் தெரு சர்க்கார் போடற விலை ரோசென்கா, நம்மூர் வழிகாட்டி மதிப்பு மாதிரி. இந்த வீடு ஷகுச்சி, அதான் மலிவு.”

“அப்படின்னா?”

“கட்டடம் நம்மளது. மனை வேறொருத்தரது. அதுக்கு வாடகை கட்டணும்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அடுத்தவா மண்ணுல நம்ம வம்சத்துல ஒருத்தரும் குடியிருந்ததில்லை. வேண்டாம்.”

சம்பந்தி மெச்சித் தலையசைத்தார். சமையலறையிலிருந்து என் மனைவி பூமாவின் குரல் வந்தது.

“நம்மாத்து அடிமனையே பெருமாளோடதுதானே? வருஷாவருஷம் வாடகை கட்டறேளே!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போகவும் வழியில்லை.

“கோயில் மனை வேற,” என்றேன்.

“இதுவும் கோயில் மனைதான், பெரியப்பா. புத்தர் கோயில்.”

வேண்டாமென்றால் என் வீட்டையே நான் இழித்ததாகும். சரியென்றால் சற்றுமுன் சொன்னது பொய்யாகும். சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“வாங்கிக்கோ,” என்றேன். “ஆனா வாடகை பாக்கின்னு நம்ம வம்சத்துல ஒருத்தரும் பேர் வாங்கினதில்லை.”

“அதுவாவது நிஜம்,” என்றாள் பூமா.