நாற்பத்தோராவது புள்ளி

கணினித் திரையின் ஒரு மூலையில் நாற்பது புள்ளிகள் ஈ மொய்த்ததுபோல் கிடக்க, ஒன்று மட்டும் எட்டத்தில் தனியாக நின்றது. ஒருத்தியாவது வேறுபட்டாளே என்று யோகேஸ்வரிக்கு முதலில் சந்தோஷம்தான். தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் எவ்வளவு உடல் உழைக்கிறார்கள் என்று அளந்து, ஒரே மாதிரி உழைப்பவர்களைக் கணினி வழியே குழு குழுவாகப் பிரிப்பது அவளுடைய ஆராய்ச்சி. நாற்பத்தொரு பேரின் மணிக்கட்டிலும் அடி எண்ணும் பட்டை கட்டிவிட்டிருந்தாள். முதல் வாரம் அத்தனை பேரும் ‘அசைவு குறைந்தோர்’ குழுவில் போய் விழுந்தார்கள். ஒரு பொறி போதும் வெடிக்க என்பதால் பாட்டரி வைத்த எதையும் வெடிமருந்து அறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாதென்று, பட்டையைக் கழற்றி வாசல் ஆணிகளில் ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். ஆணி எங்கே நடக்கும்?

இதை அவர்களிடமே சிரித்துக்கொண்டு சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். வெள்ளைத்தாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“பதினெட்டு வருசமா மருந்துத் தட்டச் சொமக்கேன். என்னையச் சும்மா இருக்கவன்னா சொல்லுதீக?”

தனிப்புள்ளி யாரென்று யோகேஸ்வரி தட்டிப் பார்த்தாள். வெள்ளைத்தாய். போன வாரம் முழுக்க, காலை எட்டிலிருந்து மாலை வரை ஓயாத நடை. அப்படியென்றால் பட்டை ஆணியில் தொங்கவில்லை; உள்ளே போய் வந்திருக்கிறது. இன்றும் போயிருக்கும்.

உடனே தாயில்பட்டிக்குக் கிளம்பினாள். ஆமத்தூரிலிருந்து பஸ் ஊர்ந்தது. சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால், அவள் தட்டு இறக்கும் ஒவ்வொரு அறையிலும் நான்கு பேர். கம்பெனி வாசலில் ஓர் ஆணி வெறுமையாக இருந்தது. போர்மேன் சின்னச்சாமியிடம் சொல்லிவிட்டாள்.

வேப்பமரங்களுக்கு நடுவே வெறுங்காலோடு வெள்ளைத்தாய் வந்தாள். முகமெல்லாம் வெள்ளிநிற மருந்துப் பொடி. சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கைக்குள் பட்டை இருந்தது.

சின்னச்சாமி திட்டவில்லை. “தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுப் போயிரு தாயி. நாளையிலருந்து வராத.”

“நாந்தான்க்கா தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள் யோகேஸ்வரி.

வெள்ளைத்தாய் பட்டையைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“இப்ப நான் எந்தக் கூட்டத்துல இருக்கேன், டீச்சர்?”

நிழலே இல்லாத ரோட்டில் வெள்ளைத்தாய் வீட்டைப் பார்த்து நடந்தாள். யோகேஸ்வரியின் உள்ளங்கையில் பட்டை 6,214 அடி என்று காட்டியது. வெள்ளைத்தாய் வளைவில் மறையும்வரை அந்த எண் மாறவில்லை.