பக்கக் கம்பி கட்டாத பாலம்

சவப்பெட்டியத் தோள்ல ஏத்துனதும், வாலண்டியர் படையில பழகுன கொரலெடுத்து "லெஃப்ட்... ரைட்..."னான் சவுந்தரத்தோட தம்பி வில்லியம். ஆறு பேரும் ஒண்ணுபோல காலெடுத்து வச்சாங்க. டவுன்லேர்ந்து வந்த பேண்டுக்காரன் பின்னாலேர்ந்து பெரிய மேளத்துல ஒரு போடு போட்டான். சவுந்தரம் வெடுக்குன்னு திரும்பிப் பாத்தா.

புருசன் செத்து ஒரு நாள் ஆவுது. நேத்துலேர்ந்து அழுதுகிட்டுதான் இருந்தா. இப்ப வந்தது அழுகை இல்ல, பயம்.

முன்னால பாலம் தொங்கிச்சு. பாலிக் புலாவ் ஊர்ல ரெண்டு ஜாதிக்காத் தோட்டத்துக்கு நடுவுல ஓடுற ஆத்துக்கு மேல, முந்நூத்தி இருவது அடி. படம் வரைஞ்சது அவ புருசன் ரேமண்டு, கையெழுத்துப் போட்டது வெள்ளக்காரத் தொரை. பாலத்தத் தாங்குற வடக்கம்பிய இறுக்கிக் கட்டுனா பாக்க அழகா இருக்கும்னாராம் தொரை. "இறுக்குனா தாங்காது சார், முப்பத்திரண்டு அடியாவது தொய்வு வேணும்"னு ஒத்தக் கால்ல நின்னு சாதிச்சவரு ரேமண்டு.

வேலை இன்னும் முடியல. பாலம் ஆடாம ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற பக்கக் கம்பி பாக்கி. அதுக்கு அளவெடுக்க மழையில நின்னவருக்குக் காய்ச்சல் கண்டுச்சு, நாலாம் நாள் போயிட்டாரு. கடைசியா நெனவு இருந்தப்ப அவரு சேசுவக் கூப்பிடல, அவளையும் கூப்பிடல. "பன்னெண்டு பேருக்கு மேல ஏற விடாத. தாளத்துக்கு நடக்க விடாத." அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு.

கோயிலும் கல்லறையும் அந்தக் கரையில. ஆத்துல தண்ணி முட்டிகிட்டு ஓடுது. சுத்திப் போனா ஏழு மைலு. "அத்தான் பாலத்து மேலயே அத்தானக் கொண்டு போவோம், பட்டாளத்து மரியாதையோட" இது வில்லியம் யோசனை. கேட்ட எல்லாருக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. அவ தலையாட்டி வச்சா. பேண்டு வரும்னு அப்ப அவளுக்குத் தெரியாது.

பெட்டி பாலத்துல ஏறிடுச்சு. பின்னால அறுவது பேரு. மேளம் டம், கால் டம். பத்தாவது அடியில பலகை மெல்ல எழும்பி எறங்குச்சு. அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் ஒசந்துச்சு.

"நிறுத்துங்க!"

முக்காடு நழுவ ஓடிப்போய் மேளத்து மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்குனா. பேண்டுக்காரன் மெரண்டு போனான்.

"அக்கா, என்னக்கா இது? எல்லாரும் பாக்குறாங்க."

"கரைக்குத் திரும்பி வாங்க. எல்லாரும் எறங்குங்க."

"யானையையே தாங்கும்னு அத்தான்தானே சொன்னாரு?"

"நிக்கிற யானையத் தாங்கும்டா. தூளி ஆட்டியிருக்கியா நீ? அது திரும்பி வர்ற நேரம் பாத்து லேசாத் தட்டு, கூரைய முட்டும். உங்க எல்லார் காலும் சேர்ந்து அப்படித்தான் தட்டுது."

வில்லியம் மொகம் சிவந்து போச்சு. "ஆளுக்கு ஒரு மாதிரி நடந்தா சாவு ஊர்வலமாக்கா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

பாலத்துக்குக் கம்பி இழுத்த கூட்டத்துக்கு மேஸ்திரி சிக்கந்தர் பாய் முன்னால வந்தாரு. "தங்கச்சி சொல்றது நெசம்லா. நானே சொல்லியிருக்கணும். மையத்து விழுந்த வீட்டுல எப்படி வாயத் தொறக்குறதுன்னு..." தூக்குறவங்க பக்கம் திரும்புனாரு. "கள்ளுக்கடையிலேர்ந்து வீட்டுக்குப் போவீங்கள்ல? அப்படி நடங்க."

"அதுக்கு மொதல்ல கள்ளு வேணும்லா பாய்" ஒருத்தன் சொன்னான். சிரிப்பு கெளம்பி அப்படியே அடங்கிப் போச்சு.

எல்லாரும் கரைக்கு எறங்குனப்பறம் பெட்டியோட ஆறு பேரு ஏறுனாங்க, கூட அவ மட்டும். ஒருத்தன் எட்டி வச்சான், ஒருத்தன் குட்டையா வச்சான், ஒருத்தன் நின்னு நின்னு நடந்தான். பெட்டி சாஞ்சு நிமிந்துச்சு. வில்லியம் கால் மட்டும் பழக்கத்துல லெஃப்ட் ரைட்டுக்கே போச்சு.

"கால மாத்துடா."

"மாத்துறேன்க்கா." அடுத்த அடியக் குட்டையா வச்சான்.

நடுப்பாலத்துல கீழ செம்மண் தண்ணி சுழிச்சுகிட்டுப் போச்சு. பலகை அவ பாதத்தத் தூக்கித் தூக்கி எறக்குச்சு. செபம் சொல்லப் பாத்தா, பாதியில மறந்து போச்சு. அக்கரையில பெட்டியக் கீழ வச்சப்பறம்தான் மூச்சு வந்துச்சு.

ஆனா அவ நகரல. பாலத்தோட கோபுரக் கம்பத்துக்கிட்டயே நின்னு பன்னெண்டு பன்னெண்டா வரச் சொன்னா. ரெண்டு பொம்பளைங்க பேசிகிட்டே ஒண்ணா அடி வச்சா அதட்டுனா. அஞ்சு கூட்டம். பேண்டுக்காரங்க மேளத்த நெஞ்சோட கட்டிப் புடிச்சுகிட்டுக் கடைசியா வந்தாங்க. கோயில் மணி அடிச்சுச்சு.

"எல்லாரும் வந்தாச்சுக்கா. வா, சாமியார் நிக்கிறாரு."

"வர்றேன்"னா. கால் நகந்துச்சு. கை வரல.

வில்லியம் குனிஞ்சு பாத்தான். கைப்பிடிக் கம்பிய அவ இறுக்கிப் புடிச்சிருந்தா. சுண்டு வெரல்லேர்ந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு வெரலா அவன் பிரிச்சு எடுத்தான்.