சோற்றுக்கு முன்னால் வந்த கேங் சோம்

1

ஷோபனா இதை என்னிடம் சொல்லி மூன்று வருடமாகிறது. எல்லாம் சரியாக நினைவிருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். கோபம் மட்டும் குறையவில்லை. கோபத்தோடு நினைத்துப் பார்த்தால் குற்றவாளி மாறிவிடுவார். அதனால் எழுதி அடித்த வரிகளையும் விட்டுவைக்கிறேன்.

2

'வானகரத்தின் முதல் தாய்லாந்து உணவகம் வண்ண விளக்குகளில்...' வேண்டாம். விளம்பரம் போலிருக்கிறது.

மறுபடியும்: முதலாளி தினகரன் கொடுத்த தாளில் இரண்டே தலைப்புகள். சூப், கறி. முகப்பேரிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ஷோபனா, முப்பது தாய்லாந்துப் பதார்த்தங்களையும் ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்குள் அடைக்க வேண்டும். பாங்காக்கில் எட்டு வருடம் வேலை பார்த்த சமையல்காரர் மதுரைவீரன் ஒவ்வொன்றாகச் செய்து வைத்தார். அவள் ருசித்து எழுதினாள். கேங் சோம் வந்தது. மீன், புளி, மிளகாய். தண்ணீராக ஓடியது.

"இத்த சோத்துல ஊத்திக்கினுதான் துன்னணும்க்கா. வெறுமன குட்ச்சா தொண்ட எரியும்."

"கறின்னு போட்டா கெட்டியா எதிர்பார்ப்பாங்களே?"

"நீங்க பட்ச்சவங்க. பாத்துப் போடுங்க."

3

கேங் சோமைத் தினகரன்தான் சூப் பக்கத்துக்கு மாற்றினார்.

[அடித்துவிட்டேன். அப்படி எழுதத்தான் ஆசை. போட்டது ஷோபனா.]

நம் ஓட்டல்களில் சூப் முதலில் வரும், கிண்ணத்தில், ஸ்பூனோடு. சோறு அப்புறம். சோற்றுக்கென்று போட்ட உப்பையும் புளியையும் வந்தவர்கள் வெறுமனே குடித்து இருமினார்கள். வீட்டில் மீன்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி முதலில் நீட்டினால் இவர்கள் குடிப்பார்களா? மெனு கார்டில் சூப் என்றிருந்தால் குடிப்பார்கள். குடித்துவிட்டுச் சமைத்தவரைத் திட்டுவார்கள்!

4

புதிதாகச் சேர்த்த இனிப்புகளுக்குத் தனி அட்டை எழுத ஷோபனா மறுபடி போனபோது சமையலறையில் தினகரன் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, கடல்லேர்ந்து மொண்டுகினு வந்தியா? இன்னொரு கிண்ணம் திரும்பி வந்துச்சுன்னா, நீ கெளம்பிடு."

மதுரைவீரன் அவளைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

'தப்பு என்னுடையது என்று ஷோபனா உடனே...' இல்லை. அன்று அவள் வாயே திறக்கவில்லை. கிண்ணம் திரும்பி வந்தது, அவரை அனுப்பிவிட்டார்கள். மறுநாள்தான் தினகரனுக்குப் போன் செய்து தன் தப்பு என்றாள்.

"கார்டு ஐந்நூறு அடிச்சாச்சு மேடம்," என்றார் தினகரன். "ஆள மாத்துறது ஈஸி."

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். ஒன்றில் ஷோபனா எல்லாக் கார்டுகளையும் கிழிக்கிறாள். மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை, நடந்ததாக எழுதி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு உரிமையில்லை.

தினகரன் ஆவடியில் இரண்டாவது கடை திறந்திருக்கிறார். அங்கும் அதே கார்டு. புதிய சமையல்காரர் உப்பையும் புளியையும் குறைத்துவிட்டார். கேங் சோம் நன்றாக விற்கிறது. மதுரைவீரன் காட்டுப்பாக்கத்தில் ஒரு பிரியாணிக் கடையில் இருக்கிறார். ஷோபனா இப்போது வாஷிங் மெஷின் கையேடுகளை மொழிபெயர்க்கிறாள். மதுரைவீரனுக்கு அவள் இன்றுவரை போன் செய்யவில்லை.