வெறும் தண்ணீரில் மஞ்சள்

நரம்பில் ஏற்றும் மருந்து தயாரிக்கிறது எங்கள் ஒரகடம் கம்பெனி. அது வெளியே போகுமுன் அதில் கொஞ்சம் எடுத்து மனித ரத்தத்தோடு கலந்து சோதிப்பது என் வேலை. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சும்மா கிடக்கிற ஜாதி இல்லை. வெளியிலிருந்து எது வந்தாலும் வளைத்துப் பிடித்து விழுங்கும். விழுங்கியது செத்த பாக்டீரியாவின் துணுக்காக இருந்தால்கூட ஊரைக் கூட்டிவிடும். அப்படிக் கூப்பாடு போட்டிருந்தால் மறுநாள் குழி குழியான எங்கள் சோதனைத் தட்டில் மஞ்சள் ஏறும். மருந்து கம்பெனிக்குள்ளேயே நின்றுவிடும்.

ரத்தம் கொடுப்பது பேக்கிங் பெண்கள் நான்கு பேர். யாருடையது என்று லேபில் எங்களுக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொருவர் ரத்தத்தோடும் ஒரு குழியில் சுத்தமான தண்ணீரை மட்டும் சேர்ப்போம். அது நிறமில்லாமல் இருக்க வேண்டும். அன்று மூன்றாம் எண்ணின் தண்ணீர்க் குழி பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

லேப் மேனேஜர் அருள்நாதன் சார் எட்டிப் பார்த்தார். ஜெர்சி, இது ரத்தம் கொடுத்த டோனரோட பிரச்சினை, அந்த ஆளை விட்டுட்டு ரிப்போர்ட் போடு என்று என்னிடம் சொன்னார். அவருக்கு வேலை முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது. வெறும் தண்ணீருக்கே கூச்சல் போடுகிறதென்றால், அந்த அணுக்கள் உடம்புக்குள்ளேயே எதையோ விழுங்கிப் போராடிக்கொண்டிருந்திருக்கின்றன. அதுவும் நேற்றைய ரத்தம். இன்று அந்தப் பெண் என்ன ஆனாளோ?

முதலுதவி அறை நர்ஸ் ராஜாமணியிடம் ஓடினேன். பெயரைச் சொல்ல முடியாது, நேற்று நான்கு பேருக்கும் ஜுரம் இல்லை, ஷிப்ட் முடிந்ததும் கூப்பிட்டு விசாரிக்கிறேன் என்றார். ஷிப்ட் முடியும்வரை யார் காத்திருப்பது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

டீ நேரத்தில் கேன்டீனில் போய் நின்று ஒவ்வொரு பெண்ணின் முழங்கை மடிப்பையும் பார்த்தேன். ஊசி குத்திய தடம் இருந்தவர்கள் மூன்று பேர். மூவரும் பஜ்ஜியை வைத்துக்கொண்டு, ரத்தம் பத்தலையா என்று என்னைக் கிண்டல் செய்தார்கள். நான்காவது சந்தனமாரியாம். கால் வலி என்று பேக்கிங் லைனிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

அங்கே போனேன். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை, ஷூவைக் கழற்ற வைத்தேன். புது ஷூ கடித்த குதிகால் சீழ் கட்டியிருந்தது. சீழ் என்பது வேறொன்றுமில்லை, விழுங்கி விழுங்கிச் செத்த அணுக்கள்தான். சிவப்பு முழங்கால்வரை ஏறியிருந்தது. தொட்டால் கொதித்தது.

"இத்த வச்சிகினு எதுக்குடி ரத்தம் குடுத்த?"

"மாட்டேன்னா ஏன்னு கேப்பாகல்லாக்கா. ஜுர மாத்திரை போட்டுட்டு வந்தேன்."

இவள் இருக்கும் ஹாஸ்டலில் காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போன் போட்டு அனுப்பிவிடுவார்கள். சாத்தான்குளம் பக்கத்தில் இவளுக்காக ஒரு மாமன் மகன் காத்திருக்கிறான். போனால் தாலி கட்டாமல் விடமாட்டார்கள் என்று அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அறைந்திருப்பேன். அந்தக் காலைப் பார்த்த பிறகு எப்படி அறைவது?

கம்பெனி வண்டியில் நானும் ராஜாமணியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உயிருக்கே உறுதி இல்லை என்று டாக்டர் எங்களைத் திட்டினார். மருந்து ஏறத் தொடங்கியபோது அவள் போன் அடித்தது. அப்பா. ஓவர்டைம் வேலை, ஓ.டி. என்று சொல்லும்படி கண்ணாலேயே கெஞ்சினாள். எடுத்தேன், ஓ.டி. என்றேன்.

அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு நாளா அவ குரலே சரியில்ல தாயி. மெய்யச் சொல்லுங்க."

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அவள் எதற்குப் பயந்தாள் என்பது உட்பட. அவர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போக வரல, பாக்கத்தான் வாரேன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். அவர் குரலில் பொய் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, ரொம்ப வலிக்குப்பா."