மிஞ்சிய மகள்

தம்பி எறிக் விபத்தில் இறந்தபின் அம்மா அனோஜினியைத் தொட்டதேயில்லை. மெல்பர்னில் கிரேக்கச் சிற்பக் கண்காட்சிக்கு அவள்தான் அம்மாவைக் கூட்டிவந்தாள். மகளைத் தன் ஆடைக்குள் ஒளித்து நின்ற பளிங்குத் தாயைக் கண்டதும் அம்மா, மன்னார்க் கோயிலில் மாதாவைத் தொடுவதுபோல், பாதத்தைத் தொட்டு விரல்களை உதட்டில் வைத்து முத்தி செய்தாள்.

"ஐயோ அம்மா, தொடக்கூடாது! இது மாதா இல்லை, நியோபி. பெடியங்களும் பெட்டையளுமாப் பிள்ளைகள் கனக்க எண்டு பெருமை பேசினதுக்குத் தெய்வங்கள் ஒவ்வொண்டாச் சாகடிச்சுப்போட்டுதுகள். மிஞ்சினது இவள்தான்."

"இவளையாவது விட்டவையோ?"

கதையில் விடவில்லை.

"ஓம் அம்மா, விட்டவை." அனோஜினி கையை அம்மாவின் பக்கம் நீட்டினாள்.

அம்மா சிலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "பாவம், அந்தப் பெடியங்கள்," என்றாள்.

அனோஜினி கையை மெல்ல ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டாள்.